பணியோடு மேற்படிப்பு: முறை வைத்துக் கற்ற நபித்தோழர்கள்

(குலசேகரம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

நம் இளைஞர்கள் பலர் மனத்தில் சுமந்து திரியும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். முழுநேரப் பணியில் இருந்துகொண்டே கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் படிக்க இயலுமா? மார்க்கம் அதனை எவ்வாறு நோக்குகிறது? அப்படிப் படிப்பவருக்குக் குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை என்ன?

நம் இல்லங்களின் நிலை

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டம் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்றது. அல்ஹம்து லில்லாஹ்! இளநிலைப் பட்டம் இல்லாத வீடு நம் பகுதியில் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால், இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும் வீடுகளோ மிகுதி.

காரணம் நாம் அறிந்ததே. பி.எஸ்ஸி.யோ பி.சி.ஏ.வோ முடித்த மகன் இருபத்தொரு வயதில் சம்பாதிக்கத் தொடங்கியே ஆக வேண்டும். தந்தையின் கடை நொடித்திருக்கும். அல்லது வளைகுடாவிலிருந்து அவர் நிரந்தரமாகத் திரும்பியிருப்பார். தங்கையின் திருமணம் நெருங்கிக்கொண்டிருக்கும். மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு வேலையில் அமர்ந்துவிடுகிறார். வீட்டில் அடுப்பு எரிகிறது. ஐந்தாண்டுகள் சென்றபின், தம்மினும் உயர்ந்த பட்டம் பெற்றவர் பின்னால் வந்து முன்னால் செல்வதைக் காண்கிறார். கணினித் துறையோ ஆண்டுக்காண்டு மாறுகிறது. இதுவரை மனிதர் எழுதிவந்த எளிய நிரல்களை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. துறையின் அடிப்படைகளை ஆழக் கற்றவருக்கே அங்கு நிலைத்த இடம் என்பதை அவர் உணர்கிறார். வேலையை விட்டுவிட்டுப் படித்தால் வீடு தள்ளாடும். படிப்பை விட்டுவிட்டால் தம் வாழ்வு அங்கேயே நிற்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அந்த வழியில் உத்தம ஸஹாபாக்கள் நமக்கு முன்பே நடந்து காட்டியுள்ளார்கள்.

அவாலியில் வாழ்ந்த இருவர்

மதீனாவின் மேட்டுப் பகுதிக்கு அவாலி என்று பெயர். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து சில மைல் தொலைவில் அமைந்த பகுதி அது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அங்கு வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே அன்ஸாரித் தோழர் ஒருவரும் வாழ்ந்தார். இருவருக்கும் பிழைப்பு இருந்தது, குடும்பம் இருந்தது. அண்ணலாரின் அவையில் நாள்தோறும் அமர்ந்திருக்க இருவருக்குமே இயலவில்லை. என்ன செய்தார்கள்? முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் உமர் (ரலி) அவர்கள் செல்வார்கள். மறுநாள் அந்த அன்ஸாரித் தோழர் செல்வார். சென்றவர் அன்று இறங்கிய வஹியையும் கேட்ட செய்திகளையும் அப்படியே கொண்டுவந்து மற்றவரிடம் ஒப்படைப்பார். இதனை உமர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் கல்வி பற்றிய பகுதியில், முறை வைத்துக் கல்வி கற்பதற்கென்றே ஒரு தலைப்பிட்டு இந்த ஹதீஸை அதில் பதிவு செய்துள்ளார்கள்.

சகோதரர்களே! இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பிழைப்பைக் காரணம் காட்டி அவ்விருவரும் கல்வியை விடவில்லை. கல்வியைக் காரணம் காட்டிப் பிழைப்பையும் விடவில்லை. இது முதற்பாடம். உமர் (ரலி) அவர்கள் தனியாளாக இதனைச் சாதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் துணை நின்றதால்தான் அவர்களுக்கு இது கைகூடியது. இது இரண்டாம் பாடம். இன்றைய உரை முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

இதில் இழப்பே இல்லையா என்றால், உண்டு. அதனையும் ஹதீஸ் நூல்கள் மறைக்கவில்லை. ஒரு வீட்டினுள் நுழைய மும்முறை அனுமதி கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அபூமூஸா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, உமர் (ரலி) அவர்கள் அதனை முன்பு அறிந்திருக்கவில்லை. சாட்சி கிடைத்தபின், கடைவீதி வணிகம் தம்மை இதனை அறியாதபடி ஈர்த்துவிட்டது என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறினார்கள் (நூல்: புகாரி). பணியோடு கற்பவருக்குச் சில பாடங்கள் தவறிப்போகும். சில தேர்வுகள் தள்ளிப்போகும். முழுநேர மாணவர் இரண்டாண்டில் முடிப்பதை அவர் மூன்றாண்டிலோ நான்காண்டிலோ முடிக்கலாம். அது இழிவன்று. தவறிப்போனதை வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அமீருல் முஃமினீன் அவர்களே தயங்கவில்லையே!

கணினியும் ஒரு கல்வியா?

கல்வியின் சிறப்பைக் கூறும் வசனங்களும் ஹதீஸ்களும் மார்க்கக் கல்விக்கு உரியவை அல்லவா, கணினிப் படிப்புக்கு அவற்றை எப்படிப் பொருத்தலாம் என்று சிலர் கேட்பதுண்டு. மார்க்கக் கல்வியின் இடம் தனி, அதில் ஐயமில்லை. தொழுகையின் சட்டமும் ஹலால் ஹராமின் எல்லையும் அறியாதவர் எத்தனை பட்டம் பெற்றும் பயனில்லை. ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். சமுதாயத்தில் சிலரேனும் அவற்றைக் கற்றாக வேண்டும். ஒருவருமே கற்காவிட்டால் அனைவரும் பொறுப்பாவர். இன்று மருத்துவமனையும் வங்கியும் மின்வாரியமும் ஹஜ் விண்ணப்பமும் கணினியின்றி இயங்கா. இதனை ஆழக் கற்றவர்கள் நம்மிடையே இருப்பது சமுதாயத் தேவையே.

மேலும், கணினி அறிவியலின் உயிர்நாடியான அல்காரிதம் என்ற சொல்லே ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்களின் பெயர் இலத்தீனில் திரிந்து அச்சொல்லாயிற்று. அல்ஜீப்ரா என்ற பெயரும் அவருடைய நூலின் தலைப்பிலுள்ள அல்ஜப்ர் என்ற சொல்லிலிருந்து வந்ததே. அந்நூலை அவர் எதற்காக எழுதினார்? வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை போன்ற மக்களின் அன்றாடத் தேவைகளுக்காக எழுதினார். நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே. தம் அறிவை மக்களின் தேவைக்கு அவர் பயன்படுத்தினார். நம் நிய்யத்தும் அவ்வாறே அமையட்டும்.

இன்றுள்ள வழிகள்

நம் பகுதி இளைஞருக்குத் திறந்துள்ள வழிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, தொலைநிலைக் கல்வி வழியாகவோ இணையவழியாகவோ படிக்கும் எம்.சி.ஏ. பட்டம். 1985இல் தொடங்கப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக இப்படிப்பை நடத்திவருகிறது. மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ. படிப்பு 2020-21 கல்வியாண்டு முதல் நாடெங்கும் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. பணியில் இருப்பவருக்கு இது பெரிய எளிமை. பி.சி.ஏ. முடித்தவர் மட்டுமல்லர், கணிதம் பயின்ற பிற பட்டதாரிகளும் இதில் சேர இடமுண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெறும் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்திற்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது.

இரண்டாவது, பணியுடன் இணைந்த படிப்பு. பிலானியிலுள்ள பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் இத்தகைய படிப்புகளை நடத்திவருகிறது. பணியிடத்தின் ஒப்புதலுடன் சேர்ந்து, விடுமுறை நாள்களில் பாடம் கேட்டு, பணியில் செய்யும் வேலையையே படிப்பின் பகுதியாக ஆக்கிக்கொள்ளும் முறை இது. விப்ரோ நிறுவனம் 1995இல் இந்நிறுவனத்துடன் சேர்ந்து, பி.எஸ்ஸி. போன்ற மூன்றாண்டுப் பட்டதாரிகளைப் பணியில் அமர்த்தி, பணியிலிருந்தபடியே முதுநிலைப் பட்டம் பெறச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பொறியியல் படிக்க வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய திட்டங்களால் உயர்ந்தனர். வேலையில் சேரும்போதே அங்கு உயர்கல்விக்கு உதவி உண்டா என்று கேட்டறிவது நன்று.

மூன்றாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணையவழிப் பட்டங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை முழுமையாக இணையவழியில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர். இன்று அதில் பயிலும் மாணவர் பத்தாயிரத்துக்கும் மேல்; அவர்களில் பெரும்பாலோர் பணியில் இருப்பவர்களே.

எதில் சேர்வதாயினும், சேருமுன் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில் கணினி அறிவியல் பாடங்களின் ஒளிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பாடத்தை எடுத்து, வேலைக்குச் சென்றுகொண்டே பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கற்றுப் பாருங்கள். அதனை முடித்தவர் பட்டப்படிப்பிலும் சேரலாம். முடிக்க இயலாதவர் கட்டணம் கட்டுமுன்னரே தம் நிலையை அறிந்துகொள்வார்.

அங்கீகாரம் பார்த்துச் சேருங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, தேர்வெழுதி வென்றால்தான் செல்லும் என்றானது. அதற்குப்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அவர்களில் எத்தனை பேர் பகலில் உழைத்து இரவில் படித்தவர்கள்! அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்களும் இருந்தனர். உழைப்பு உண்மையாயிருந்தும், சேர்ந்த இடம் சரியில்லாததால் இழப்பு நேர்ந்தது.

ஆகவே விளம்பரத்தையும் முகவரின் வாய்ச்சொல்லையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு எந்த நிறுவனத்திற்கு எந்தப் படிப்புக்கு எந்த ஆண்டு அனுமதி உள்ளது என்ற பட்டியலை வெளியிடுகிறது; சேரும் ஆண்டுக்கு உரிய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டங்களைத் தொலைநிலையில் வழங்க அனுமதியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்னும் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (நூல்: திர்மிதி). அங்கீகாரத்தைப் பார்ப்பது ஒட்டகத்தைக் கட்டுவதைப் போன்றது.

வட்டியின்றிக் கற்க

வேலையை விட்டுவிட்டுப் படிக்க நினைப்பவரை அடுத்து வந்து சூழ்வது கல்விக்கடன். அதனோடு வட்டியும் வருகிறது. வட்டியின் கடுமையை நாம் அனைவரும் அறிவோம். பணியில் இருந்துகொண்டே படிப்பவர் தம் சம்பளத்திலிருந்தே பருவந்தோறும் கட்டணத்தைச் செலுத்தலாம். வட்டியில் சிக்காமல் உயர்கல்வி பெற நடுத்தரக் குடும்பத்திற்கு இதுவே நல்வழி. ஒரு தவணைக்குப் பணம் குறைந்தால் உறவினரோ ஜமாஅத்தினரோ அழகிய கடன் கொடுத்து உதவலாம். பெற்றவர் குறித்த நாளில் தவறாமல் திருப்பித் தர வேண்டும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத்துணி வணிகர். கடையையும் நடத்திக்கொண்டு, ஆசிரியர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் பயின்றார்கள். பின்னர் தாமே ஆசிரியராகியபோது, அபூயூஸுஃப் என்ற ஏழை மாணவர் அவர்களிடம் வந்தார். குடும்பத்தின் வறுமை அவரைப் பாடத்திலிருந்து வேலைக்கு இழுத்தது. இமாமவர்கள் தம் வணிகத்தின் வருவாயிலிருந்து அவர் குடும்பத்திற்குப் பொருள் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். அந்த மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை காஜியாக உயர்ந்தார். ஷாஃபி மத்ஹபினராயினும் ஹனஃபி மத்ஹபினராயினும் நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது. நம் வணிகப் பெருமக்களில் எத்தனை பேர் இப்படி ஒரு மாணவரைத் தாங்கியிருக்கிறோம்?

வாரத்தின் 168 மணி நேரம்

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் கேட்பது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். குலசேகரத்திலிருந்து நாள்தோறும் திருவனந்தபுரம் சென்றுவரும் ஒருவருக்குப் பயணம் நான்கு மணி நேரம் என்றால், வாரம் ஐந்து நாளுக்கு 20 மணி. பணி 45 மணி. உறக்கம் நாளொன்றுக்கு ஏழு மணி வீதம் 49. தொழுகை, உணவு, குளியல் முதலியவற்றிற்கு நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் 21. ஆக 135 மணி. எஞ்சுவது 33 மணி. அதில் 15 மணியைப் படிப்புக்கு ஒதுக்கினாலும், பெற்றோர், மனைவி, மக்கள், உறவினருக்கு 18 மணி இருக்கிறது. நேரம் இல்லாமலில்லை. கைப்பேசியில் கரைந்துபோவதால் கண்ணுக்குத் தெரியவில்லை. உடல்நலமும் ஓய்வுநேரமும் மக்களில் பெரும்பாலோர் ஏமாந்துபோகும் இரண்டு அருட்கொடைகள் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் எச்சரித்தது (நூல்: புகாரி) நம்மைப் பார்த்துச் சொன்னதுபோல் இல்லையா?

அந்த 15 மணியை எவ்வாறு பிரிப்பது? சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் விரைவில் தளர்ந்துவிடுகின்றனர். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). ஃபஜ்ருக்குப் பின் ஒன்றரை மணி நேரம் நாள்தோறும் அமருங்கள். வாரத்திற்குப் பத்தரை மணி கிடைத்துவிடும். மீதி நாலரை மணியை விடுமுறை நாளில் முடிக்கலாம். தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதனை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் தம் வணிகச் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருகக் கண்டார்கள் (நூல்கள்: அபூதாவூத், திர்மிதி).

அதிகாலையின் அருமையை நம் ஊராருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்திற்குள் செல்கிறார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆனால் அவர் பேராசைப்பட்டு ஆழமாக வெட்டுவதில்லை, பட்டை புண்பட்டுவிடும். ஒருநாள் வெட்டிய மரத்திற்கு மறுநாள் ஓய்வு தருவதே நல்ல முறை; ஓய்வின்றி வெட்டினால் பால் வற்றிவிடும். நம் உடலும் அத்தகையதே. இரவை ஓய்வுக்கும் பகலைப் பிழைப்புக்கும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் அந்நபா அத்தியாயத்தில் அறிவிக்கிறான். இரவெல்லாம் விழித்துப் படித்து, ஃபஜ்ரைத் தவறவிட்டு, அலுவலகத்தில் கண்ணயர்பவர் மூன்றையும் இழக்கிறார்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டதே என்று கவலைப்படுவோரும் உண்டு. நபித்தோழர்கள் வயது முதிர்ந்த பின்னரும் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். மூஸா (அலை) அவர்கள் நபியாக, ஒரு பெரும் சமுதாயத்தின் தலைவராக இருந்த நிலையிலும் ஹிள்ரு (அலை) அவர்களிடம் கற்பதற்காகப் பயணப்பட்டுக் களைத்த வரலாறு அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் உள்ளது. வெள்ளிதோறும் நாம் ஓதும் அத்தியாயம் அது.

குடும்பத்தாரின் உரிமை

அன்புச் சகோதரர்களே! மேற்படிப்பைத் தொடங்கிய சில வீடுகளில் மனக்கசப்பும் தொடங்குகிறது. கணவர் வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கணினிமுன் அமர்கிறார். குழந்தை அழுதால் சினம். தாய் அழைத்தால் எரிச்சல். இது சரியா?

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது, அவருடைய மனைவி பொலிவிழந்த கோலத்தில் இருக்கக் கண்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கியிருந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் கடைசியில் எழுப்பி உடன் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அதனைச் சரிகண்டார்கள் (நூல்: புகாரி). வணக்கத்திற்கே இந்த எல்லை என்றால், பட்டப்படிப்புக்கு எல்லை இல்லாமல் போகுமா? சேருமுன் மனைவியோடும் பெற்றோரோடும் அமர்ந்து பேசுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், எந்த நேரம் படிப்புக்கு, எந்த நேரம் வீட்டுக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வு மாதம் ரமலானில் வருமா என்றும் முன்கூட்டியே பாருங்கள்.

பெண்மக்களுக்கும் இதில் சம உரிமை உண்டு. ஆண்களே தங்களிடம் மிகுந்த நேரம் பெற்றுவிடுகின்றனர், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் முறையிட, அண்ணலார் (ஸல்) அவர்கள் தனிநாள் ஒதுக்கிக் கற்பித்தார்கள் (நூல்: புகாரி). இன்று ஆசிரியையாகவோ மென்பொருள் பணியிலோ இருக்கும் நம் சகோதரி வீட்டிலிருந்தே முதுநிலைப் பட்டம் படிக்க வழி இருக்கிறது. அவருக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் சமையலறையே. நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துவந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள் (நூல்: புகாரி). மனைவிக்குத் தேர்வு உள்ள வாரத்தில் கணவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும், மாமியார் ஒருவேளைச் சமையலை ஏற்பதும் குறைவாகா. முறை வைத்துக்கொள்வது என்பது இதுவே.

அமானிதத்தைப் பேணுங்கள்

பணியோடு படிப்பவருக்கு இரண்டு சோதனைகள் காத்திருக்கின்றன.

ஒன்று, அலுவலக நேரம். சம்பளம் பெறும் நேரத்தில் மேலதிகாரிக்குத் தெரியாமல் பாடம் படிப்பதும், நிறுவனத்தின் பொருள்களைச் சொந்தப் படிப்புக்கு எடுத்துக்கொள்வதும் அமானித மோசடி. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும் பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் செய்வோருக்குக் கேடு என்று முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. சம்பளத்தை முழுமையாக வாங்கி வேலையைக் குறைத்துக் கொடுப்பதும் அவ்வகையே. அனுமதி கேளுங்கள், கிடைத்தால் படியுங்கள். பலர் கேட்டால் கொடுக்கவே செய்கின்றனர்.

மற்றொன்று, படிப்பின் இறுதியில் வரும் செயல்திட்டம். நேரமில்லை என்ற காரணத்தால் அதனைப் பணம் கொடுத்து ஆயத்தமாக வாங்கித் தம் பெயரில் ஒப்படைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி, ஒரு வரியும் விளங்காமலே கொடுப்போரும் உண்டு. தாம் செய்யாததற்காகப் புகழப்பட விரும்புவோரை ஆலு இம்ரான் அத்தியாயத்தில் (3:188) அல்லாஹ் கண்டிக்கிறான். அவ்வாறு பெற்ற பட்டத்தைக் காட்டிப் பெறும் பதவியும் சம்பளமும் எத்தகையவை என்று சிந்தியுங்கள். ஓராண்டு தாமதமாயினும் தாமே செய்து முடியுங்கள். பரக்கத் அதில்தான் இருக்கிறது.

ஜமாஅத்தின் பங்கு

உமர் (ரலி) அவர்களுக்கு அந்த அன்ஸாரி அண்டைவீட்டார் கிடைத்ததுபோல், நம் இளைஞர்களுக்கு நாம் அனைவரும் அண்டைவீட்டாராக வேண்டும். பள்ளிவாசலைச் சார்ந்த ஓர் அறையை ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் படிப்பவர்களுக்காகத் திறந்து வைக்கலாம். இணைய இணைப்பும் நான்கு மேசைகளும் போதும். ஒரே படிப்பில் சேர்ந்த இருவர், வகுப்பு தவறியவருக்கு மற்றவர் சொல்லிக்கொடுப்பதென ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முன்பே பட்டம் பெற்று வெளியூரில் பணியாற்றுவோர், விடுமுறையில் ஊர் வரும்போது ஒரு மாலையில் அமர்ந்து புதியவர்களுக்கு வழிகாட்டலாம். தேர்வுக் காலத்தில் அந்த இளைஞரை ஜமாஅத் வேலைகளுக்கு அழைக்காமல், அவருடைய முறையை வேறொருவர் ஏற்கலாம். இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை.

படித்து முடித்தவரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உமர் (ரலி) அவர்கள் தாம் கற்றதை அன்றே அண்டைவீட்டாரிடம் கொண்டு சேர்த்தார்கள். நீங்களும் கற்றதை நம் மஹல்லாவின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்துவிடுங்கள். மறுமையின் வீட்டைத் தேடுவதோடு இம்மையின் பங்கையும் மறவாதிருக்கவும், அல்லாஹ் நமக்கு நன்மை செய்ததுபோல் நாமும் பிறருக்கு நன்மை செய்யவும் அல்கஸஸ் அத்தியாயம் (28:77) நமக்குக் கற்பிக்கிறது.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனளிக்கும் கல்வியையும் விசாலமான ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக! உழைத்துக்கொண்டே கற்கும் நம் பிள்ளைகளின் நேரத்தில் பரக்கத் செய்வானாக! அவர்களுக்காகத் தம் வசதியை விட்டுக்கொடுக்கும் பெற்றோருக்கும் துணைவியருக்கும் கணவர்மாருக்கும் நிறைவான நற்கூலியை வழங்குவானாக! நம் ஜமாஅத்தை ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் ஜமாஅத்தாக ஆக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.